போர்டில் இருந்தது உன் நம்பர்

தம்பி,

நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் பழையபடி இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "பொங்கலுக்கு வந்ததும் வீட்டு விஷயத்துக்கு ஒரு முடிவு கட்டிடலாம்பா, விலையைக் குறைச்சாவது தள்ளிடுவோம்" என்றாய். நான் "சரிப்பா" என்றேன். அதற்கு மேல் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, இப்பவாவது சொல்லுங்க என்பது போல என் முகத்தையே பார்த்தாள். நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. போனில் சொன்னால் நீ "விடுங்கப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய், எனக்கும் அது சௌகரியமாகப் போய்விடும். அவ்வளவு சுலபமாக நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன். முப்பது வருஷம் உரக்கடையில் பில் எழுதிய கை இது. கடிதம் எழுதிப் பழக்கமில்லை, அங்கங்கே வளவளவென்று போகும். பொறுத்துக்கொண்டு கடைசி வரை படி. படித்துவிட்டு ஒளித்து வைக்காதே. உன் வீட்டுக்காரியும் படிக்கட்டும். பேரப்பிள்ளைகளும் விவரம் தெரிந்த பிறகு படிக்கட்டும்.

நம் வீடு நான்கு வருஷமாக விற்கவில்லை. அதற்கு நான் உனக்குச் சொன்ன காரணங்களை எல்லாம் எழுதினால் ஒரு நோட்டு நிரம்பும். புரோக்கர் சேகர் சொன்னதைத்தான் நான் உனக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ஆடியில் யாரும் அட்வான்ஸ் தர மாட்டார்கள், ஆவணி வரட்டும் என்பார். ஆவணி வந்தால் குறுவை அறுப்பு முடிந்து கையில் பணம் புழங்கட்டும் என்பார். அப்புறம் மழை நிற்கட்டும், அப்புறம் மார்கழியில் பத்திரம் பதிய மாட்டார்கள், அப்புறம் சம்பா அறுவடை, அப்புறம் எலெக்‌ஷன். அவர் சொன்னதில் உண்மையும் இருந்தது. பணம் உள்ளவன் பைபாஸ் பக்கம் மனைதான் பார்க்கிறான். ஊருக்குள் பழைய வீடு வாங்க யார் வருகிறார்கள்? நம் தெருவிலேயே நாலு வீடு பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். வந்தவர்களும் எப்படிப்பட்டவர்கள் என்று உனக்குத்தான் தெரியுமே. ஒருவர் திசைகாட்டியோடு வந்து, அடுப்படி இடம் மாறினால்தான் வாங்குவேன் என்றார். இன்னொருவர் குடும்பத்தோடு வந்து மோட்டார் போட்டுப் பார்த்து, மாடி ஏறிப் பார்த்து, அம்மா கையால் சாப்பிட்டும்விட்டு, தென்னை மரம் விலையில் சேர்த்தியா என்று கேட்டுவிட்டுப் போனவர்தான். அதையெல்லாம் உனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நீ சிரித்தாயே தவிர உள்ளே எப்படி இருந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். வீடு விற்றுவிடும் என்று நம்பித்தான் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று ரூம் உள்ள பிளாட் வாங்கினாய். அம்மா பிடித்துக்கொள்ள பாத்ரூமில் கம்பி கூட வைத்தாய். அந்த ரூம் நான்கு வருஷமாகக் காலியாகக் கிடக்கிறது. அதற்கான தவணையை மாசம் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறாய். சனி ஞாயிறும் வேலை பார்க்கிறாய் என்று மருமகள் அம்மாவிடம் சொன்னாள், உன்னைப் பற்றிப் புகார் சொல்வது போல. அது புகார் இல்லை என்று எனக்குத் தெரியாதா?

கேட்டில் தொங்குகிற போர்டில் உன் நம்பரைப் போடச் சொன்னது நீதான். "உங்களுக்கு விலை பேச வராதுப்பா, என்கிட்ட பேசட்டும்" என்றாய். வந்ததெல்லாம் புரோக்கர்களின் போன். மீட்டிங்கில் இருக்கும்போது, பிள்ளையை ஸ்கூலில் விடும்போது, ஊரில் உள்ள அத்தனை புரோக்கரும் உன்னைக் கூப்பிட்டு, கடைசியில் நீ தெரியாத நம்பர் எதையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாய். அதுவும் என்னால் வந்ததுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆள் வரவில்லை, ஆள் வரவில்லை என்று நான்கு வருஷமாக உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா, அது பொய். போர்டு மாட்டிய இரண்டாவது மாசமே ஆள் வந்தது. நாம் சொன்ன விலைக்கே கேட்டது. வந்தது வேறு யாரும் இல்லை, உன்னோடு படித்த கலைச்செல்வி.

உனக்கு அவளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எனக்கு எது நினைவிருக்கிறது என்று சொல்கிறேன். பிளஸ் டூ படிக்கும்போது உனக்கு மஞ்சள் காமாலை வந்து ஒன்றரை மாசம் படுத்துக் கிடந்தாய். அந்தப் பெண் தினமும் சாயங்காலம் சைக்கிளில் வந்து அன்றைக்கு நடத்திய பாடத்தின் நோட்டைக் கொடுத்துவிட்டு, முந்தின நாள் நோட்டை வாங்கிக்கொண்டு போகும். "இந்தாங்கப்பா, சரவணன்கிட்ட குடுத்துடுங்க, படம் எல்லாம் வரைஞ்சிருக்கேன்" என்று சொல்லும். சிநேகிதன் அப்பாவை அப்பா என்றே கூப்பிடுவது உங்கள் வகுப்பில் வழக்கம். அந்த ஒன்றரை மாசமும் நான் அந்த நோட்டைக் கேட்டில் நின்றே வாங்கினேன். உள்ளே வாம்மா என்று ஒரு நாள் கூடச் சொல்லவில்லை. அவள் அம்மா அஞ்சலை நம் வயலில் நடவுக்கும் களை பறிக்கவும் வந்தவள். காலனித் தெருப் பெண். அந்தப் பெண்ணின் நோட்டைப் படித்துத்தான் நீ பரீட்சை எழுதிப் பாஸ் செய்தாய். அவள் கால்நடை டாக்டருக்குப் படித்து, நம் பக்கத்து ஊர் மாட்டாஸ்பத்திரிக்கே டாக்டராக வந்தாள்.

வீடு கேட்டு வந்த அன்றைக்கு ஸ்கூட்டரில் அஞ்சலையையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். மற்றவர்களைப் போல ஒழுகுமா, விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கவில்லை. கொல்லையில் மாட்டுக் கொட்டகை முன்னால் வெகுநேரம் நின்றாள். "இத கொஞ்சம் சரிபண்ணா ஆடு மாடு பாக்கறதுக்கு நல்ல எடம்ப்பா. லீவு நாள்ல வர்றவங்களுக்கு எங்க போறதுன்னு தெரியல" என்றாள். விலையைப் பற்றி, "கொறைச்சுக் கேக்க மாட்டேன்ப்பா. பேங்க்ல பேசிட்டேன். சரவணன் வீடு, தெரிஞ்ச வீடுங்கறதாலதான் கேக்கறேன்" என்றாள். அதுவரைக்கும் அஞ்சலை கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். "அம்மா, உள்ள வாம்மா" என்று கலைதான் கூப்பிட்டாள். நான் கூப்பிடவில்லை.

"பையனை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேம்மா" என்று அனுப்பிவைத்தேன். பக்கத்து வீட்டு கோவிந்தராசு பெரியப்பா வழக்கம் போலப் பேப்பர் படிக்க வந்தார். ஸ்கூட்டரைப் பார்த்திருக்கிறார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "உன் வீடு, யாருக்கு வேணா குடு. ஆனா பாத்துக் குடு" என்றார். பாத்துக் குடு என்றால் என்ன அர்த்தம் என்று நம் தெருவில் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். இத்தனை வருஷமாக அந்த ஒரு வார்த்தையின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் ஒதுங்கி இருந்தேன். பங்காளி சொல்லும்போது நான் என்ன செய்ய முடியும், தெருவில் இருந்தாக வேண்டுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதிலும் என்ன நியாயம்? வீட்டை விற்றுவிட்டு உன்னிடம் வரப்போகிறவன் நான், அதற்கப்புறம் தெரு எனக்கு என்ன செய்துவிடும்? உண்மை என்ன தெரியுமா? பெரியப்பா வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நான் முடிவு செய்துவிட்டேன். அஞ்சலை செருப்பைக் கழற்றியபோது, போட்டுக்கிட்டே வா என்று என் வாயில் வரவில்லையே, அப்போதே முடிவாகிவிட்டது. நான் கட்டிய வீட்டில், என் அடுப்படியில், என் சாமி ரூமில் அஞ்சலை நடமாடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சாதிதான் காரணம். அதற்கு வேறு பெயர் வைத்துச் சொல்கிற வயசு எனக்கு இனிமேல் இல்லை.

அதைக் கூட ஒரு பெரிய மனுஷனாக என் வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து அவளுக்குப் போன் செய்து, "பையன் ஒத்துக்க மாட்டேங்கறாம்மா. பூர்வீக மனை, விக்கவே வேணாம்கிறான்" என்றேன். "சரவணனா சொன்னான்?" என்று கேட்டாள். "ஆமாம்மா." "சரிங்க சார்" என்று வைத்துவிட்டாள். அன்றைக்கு அப்பா போய் சார் வந்தது. நான் உன்னிடம் கேட்கவே இல்லை, தம்பி. கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. பொய் சொன்னவனுக்கு அந்தப் போர்டையாவது நாலு நாள் கழற்றி வைக்க வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை. விற்கிற எண்ணமே இல்லை என்று அவளிடம் சொன்ன மறுநாளும் வீடு விற்பனைக்கு என்று அது கேட்டில் தொங்கியது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி நம் வீட்டு வாசல்தான்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசி மழையில் நம் பசு லட்சுமிக்கு வயிற்றில் கன்று திரும்பிவிட்டது என்று சொன்னேனே, நினைவிருக்கிறதா? யாரோ டாக்டர் வந்து காப்பாற்றினார் என்றுதான் உன்னிடம் சொன்னேன். வந்தவள் கலைதான். காலை ஏழு மணிக்குப் போன் செய்தேன், எட்டு மணிக்கு ரெயின்கோட்டோடு வந்து நின்றாள். முன் கேட்டுப் பக்கம் வரவில்லை, தானாகவே சந்து வழியாகக் கொல்லைக்குப் போனாள். தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு, மடங்கிக் கிடந்த கன்றின் காலை நேராக்கி, ஒரு மணி நேரம் போராடி எடுத்தாள். சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்து கன்றின் மூக்கைத் துடைத்தாள். என்னோடு பேசியதெல்லாம் வெந்நீர் கேட்டதும், துணி கேட்டதும்தான்.

நம் வீட்டு அலமாரியில் எப்போதும் ஒரு பேப்பர் கப் பாக்கெட் இருக்கும். அது எதற்கு என்று நீ யோசித்திருக்க மாட்டாய். தென்னை மரம் ஏற வருகிறவருக்கும், கொத்தனாருக்கும், கரண்டு வேலைக்கு வருகிறவருக்கும் காப்பி கொடுக்கும்போது யாருக்கு டம்ளர், யாருக்கு பேப்பர் கப் என்று கேட்காமலே உன் அம்மாவுக்குத் தெரியும். அப்படிப் பழக்கியது நான். பேப்பர் கப் வந்தது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? யாரும் எதுவும் சொல்ல முடியாது, சுத்தத்துக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கு அம்மா எவர்சில்வர் டம்ளரில் காப்பி எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த கலை அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டாள். "வேணாங்கம்மா, டியூட்டி இருக்கு" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. என் மாட்டுக்குள் கையை விட்டுக் கன்றை எடுத்துக் கொடுத்த பெண் காப்பி குடிக்காமல் போனதற்கு நான் அப்பாடா என்றேன். அம்மா அந்தக் காப்பியை வடிகாலில் கொட்டிவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும், எனக்குப் பயந்துதான் உன்னிடம் சொல்லவில்லை. அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

இதையெல்லாம் செரித்துக்கொண்டு செத்தும் போயிருப்பேன். நீ போன ஆவணியில் கும்பகோணத்தில் உன்னோடு படித்த பாஸ்கரன் மகள் காதுகுத்துக்குப் போய்விட்டு வந்து, சாப்பிடும்போது சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "கலை வந்திருந்தாப்பா. எவ்வளவு வருஷம் ஆச்சுன்னு ஓடிப்போய்ப் பேசினேன். நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிட்டு எழுந்திரிச்சு வேற வரிசைல போய் உக்காந்துட்டா. நான் என்ன தப்புப் பண்ணினேன்னே தெரியலப்பா." சொல்லும்போது நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், சாப்பிடவில்லை. மோர் ஊற்ற வந்த அம்மா அப்படியே நின்றாள். நான் இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீடு விற்காததில் உனக்குப் பண நஷ்டம், அதை நீ சம்பாதித்துக்கொள்வாய். ஆனால் உன் சிநேகிதியின் மனசில் உன்னை ஒரு கேவலமான ஆளாக உட்கார வைத்தது நான். நாலு வருஷமாக நீ செய்யாத தப்புக்கு உன் பேரில் அங்கே ஒரு வழக்கு நடக்கிறது, உனக்குத் தெரியவே தெரியாது.

அதற்கப்புறமும் மூன்று மாசம் தள்ளிப் போட்டேன். போன மாசம்தான் அவளைத் தேடிப் போனேன். திருப்பனந்தாள் போகிற ரோட்டில் சின்னதாக வீடு கட்டியிருக்கிறாள். வாசலில் கொட்டகை போட்டு ஆடு இரண்டு கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் வெளியே வந்து, "வாங்க சார், மாட்டுக்கு என்ன?" என்றாள். வேறு எதற்கும் நான் அவள் வாசலுக்கு வர மாட்டேன் என்பது அவள் கணக்கு. "மாட்டுக்கு ஒண்ணும் இல்லம்மா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். உள்ளே உட்கார வைத்தாள். அஞ்சலை காப்பி கொண்டுவந்து ஸ்டூலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். குடித்தேன். அதைப் பெருமையாக எழுதவில்லை.

"அன்னைக்கு வேணாம்னு சொன்னது சரவணன் இல்லம்மா. அவன்கிட்ட நான் கேக்கவே இல்ல. நானா சொன்னது" என்றேன். "உங்களை எனக்குத் தெரியும் சார். அம்மா உங்க வயல்லதானே இருந்தாங்க. நீங்க வேணாம்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள்ல மறந்திருப்பேன். அவன் சொன்னான்னு சொன்னீங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல" என்றாள் கலை. பிறகு, "போர்டுல அவன் நம்பர் இருக்கு சார். தெனம் ரெண்டு தடவ அந்த வழியாத்தான் போறேன், வர்றேன். நம்பர் மனப்பாடமே ஆயிடுச்சு. போட்டு ஏன்டா இப்படிச் சொன்னேன்னு கேட்டுடலாம்னு எத்தனையோ நாள் தோணும். ஆமா சொன்னேன்னு சொல்லிட்டான்னா என்ன பண்றதுன்னு போடல" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவள் எதிரில் அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன்.

புத்தி கெட்டவன் அப்போது கூட, "வீடு அப்படியேதாம்மா இருக்கு. இப்ப வாங்கிக்கிறியா?" என்று கேட்டேன். அஞ்சலைதான் பதில் சொன்னாள். "எங்களுக்குத்தான் வீடு இருக்குங்களே." அதில் கோபம் எதுவும் இல்லை, உள்ளதைச் சொன்னாள். கிளம்பும்போது கலை வாசல் வரைக்கும் வந்தாள். "அவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க சார். நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும். அவனுக்குத் தெரிஞ்சப்புறம் நானே பேசிக்கிறேன்" என்றாள். மறுபடி அப்பா என்று கூப்பிடவில்லை. கூப்பிடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

வந்து கோவிந்தராசு பெரியப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். இனிமேல் யார் கேட்டாலும், எந்தத் தெருக்காரர் கேட்டாலும் கொடுப்பேன் என்றும் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். மூன்று வாரமாக வரவில்லை. டீக்கடையில் படிக்கிறாராம். அவ்வளவுதான் தம்பி. நான்கு வருஷமாக நான் நடுங்கிக்கொண்டிருந்தது, ஒருவர் வேறு இடத்தில் பேப்பர் படிப்பார் என்பதற்குத்தான். அம்மா அலமாரியிலிருந்து பேப்பர் கப் பாக்கெட்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் மண் போட்டுக் கத்தரி விதை போட்டிருக்கிறாள். கொல்லையில் வரிசையாக நிற்கிறது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறாள், வேண்டுமென்றுதான்.

அப்பா உனக்குப் புத்தி சொல்கிற நிலைமையில் இல்லை. இருந்தாலும் ஒன்று மட்டும் சொல்கிறேன். யாருக்காவது இல்லை என்று சொல்ல வேண்டி வந்தால் உன் பேரிலேயே சொல். பிள்ளை பேரில், பெண்டாட்டி பேரில், ஊர் பேரில் சொல்லாதே. சொல்ல வெட்கமாக இருந்தால் அந்தக் காரணத்தில்தான் ஏதோ கோளாறு இருக்கிறது.

போர்டைக் கழற்றிவிட்டேன். வெயிலில் எழுத்தெல்லாம் வெளுத்துப் போயிருக்கிறது. புதுசு எழுதக் கொடுத்திருக்கிறேன், அதில் என் நம்பர் இருக்கும். வருகிற போனை எல்லாம் இனிமேல் நானே எடுத்துப் பேசுகிறேன். பொங்கலுக்கு வரும்போது விலையைப் பற்றிப் பேசலாம், வீடு எப்படியும் ஒரு நாள் விற்கும். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் அம்மாவிடம் மட்டும் "படிச்சுட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல். நான் அதைக் கலையிடம் சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் ஊர்ப் பக்கத்திலிருந்து உனக்குத் தெரியாத நம்பர் ஒன்று வரும். புரோக்கர் என்று நினைத்து விட்டுவிடாதே, தம்பி. எடு.

அப்பா